பல படங்களை இணைத்து ஒரு படம்: தாராசுரம் சிற்பங்களை முன்வைத்து

ஒரே காட்சியைப் பலமுறை ஒளிப்படம் எடுத்து, அப்படங்களைக் கணினியின் துணையுடன் ஒன்றாக்கினால், தனிப்படம் ஒன்றில் கிடைக்காத விவரங்களைப் பெற முடியும். இதனால் இரண்டு பண்புகள் மேம்படுகின்றன. ஒன்று பிரிதிறன், அதாவது மிக அருகருகே உள்ள இரு நுண்ணிய பகுதிகளைத் தனித்தனியாகக் காட்டும் திறன். மற்றொன்று ஒளிவீச்சு, அதாவது ஒரே படத்தில் மிக இருண்ட பகுதியையும் மிக வெளிச்சமான பகுதியையும் விவரம் இழக்காமல் பதிவு செய்யும் அளவு. கைப்பேசிகளில் ‘எச்.டி.ஆர்.’ என்று காணப்படும் வசதி இரண்டாவதைச் சேர்ந்தது. கோயில் சிற்பங்கள், கல்வெட்டுகள், சுவரோவியங்கள் ஆகியவற்றைப் பதிவு செய்வதில் இம்முறைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கும்பகோணத்தை அடுத்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் இதைப் புரிந்துகொள்ள நல்ல எடுத்துக்காட்டு.

தாராசுரத்தில் உள்ள சிக்கல்

ஐராவதேசுவரர் கோயில் 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராசராச சோழனால் கட்டப்பட்டது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இக்கோயில், 2004-இல் கங்கைகொண்ட சோழபுரத்துடன் சேர்த்து யுனெசுகோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. தஞ்சைப் பெரிய கோயில் 1987-லேயே அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தது. பெரிய கோயிலின் சிறப்பு அதன் உயரம் என்றால், தாராசுரத்தின் சிறப்பு நுணுக்கம். இதன் விமானம் சுமார் 24 மீட்டர் உயரமே உடையது. ஆனால் தூண், படி, அடித்தளம் என்று எங்கு பார்த்தாலும் சிறு சிற்பங்கள் செறிந்திருக்கின்றன.

அவற்றுள் முக்கியமானவை கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ள நாயன்மார் வரலாற்றுச் சிற்பங்கள். சேக்கிழார் பெரிய புராணம் பாடியது இரண்டாம் ராசராசனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அவ்வாறாயின், நூல் தோன்றிச் சில பத்தாண்டுகளுக்குள் அதன் கதைகள் இங்கே கல்லில் ஏறிவிட்டன. முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் மீட்ட கதை போன்றவற்றைச் சில விரற்கடை உயர உருவங்களில் சிற்பி சொல்லியிருக்கிறார். சிற்பங்களுடன் பெயர்ப் பொறிப்புகளும் உண்டு. எட்டு நூற்றாண்டு வெயிலிலும் மழையிலும் நின்ற கல் இது. பல உருவங்களின் முகங்களும் சில எழுத்துகளும் தேய்ந்துவிட்டன. எனவே இன்று எடுக்கப்படும் படம் வெறும் நினைவுப்படம் அன்று. நாளை அந்த எழுத்து மேலும் தேய்ந்தால், படத்தில் இருப்பதே எஞ்சும்.

படமெடுப்பவருக்கு இங்கே இரு இடர்கள் உள்ளன. முதலாவது, தேர் வடிவில் சக்கரங்களும் குதிரைகளும் கொண்டு அமைந்த ராசகம்பீரன் திருமண்டபம். மண்டபத்தின் உட்புறத் தூண்கள் நிழலில் இருக்க, வெளிமுற்றமும் குதிரைகளும் வெயிலில் ஒளிரும். உச்சி வெயிலின் ஒளியளவு ஒரு லட்சம் லக்ஸை எட்டும். மண்டபத்தின் உள்மூலையில் 20 லக்ஸ் என்று கொண்டால், இரண்டுக்கும் இடையே 5,000 மடங்கு வேறுபாடு. தூணுக்கு ஏற்ப ஒளி அமைத்தால் முற்றம் வெறும் வெள்ளைத்தாள் போல ஆகிவிடும். முற்றத்துக்கு ஏற்ப அமைத்தால் தூண்கள் கரித்துண்டுகள் ஆகும்.

இரண்டாவது இடர், நீண்ட வரிசையில் அமைந்த மிகச் சிறிய வேலைப்பாடு. 6,000 பிக்சல் அகலமுள்ள படத்தில் 20 மீட்டர் நீளச் சுவரை அடக்கினால், ஒரு பிக்சலின் பங்குக்கு 3.3 மில்லிமீட்டர் கல் வரும். இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள எழுத்துக் கீறல் அதில் தென்படாது. இரண்டு மீட்டர் நீளத்தை மட்டும் எடுத்தால் பிக்சலுக்கு மூன்றில் ஒரு மில்லிமீட்டர். அப்போது கீறலின் குறுக்கே ஆறு பிக்சல்கள் விழும், எழுத்தும் படிக்கக் கிடைக்கும்.

ஒளிவீச்சைக் கூட்டுதல்

கேமராவின் உணரியில் உள்ள ஒவ்வொரு பிக்சலும் நெல் அளக்கும் மரக்கால் போன்றது. அதில் விழும் ஒளியின் அளவே படத்தின் அப்புள்ளியின் வெளிச்சம். மரக்கால் நிறைந்து வழிந்துவிட்டால், வழிந்தது ஒரு படியா ஒரு கலமா என்பதை அது சொல்லாது. மறுபுறம், அடியில் நான்கு மணி நெல் மட்டும் கிடந்தால், அது விழுந்த நெல்லா முன்பே ஒட்டியிருந்த பதரா என்று பிரித்தறிய முடியாது. மின்னணுவியலில் இந்தப் பதருக்கு இரைச்சல் என்று பெயர். வழிதலுக்கும் இரைச்சலுக்கும் இடைப்பட்டதே கேமராவின் ஒளிவீச்சு.

தீர்வு எளிதானது. வெவ்வேறு ஒளியேற்பு நேரங்களில் பல படங்கள் எடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, நொடியில் 1/1000, 1/125, 1/15, 1/2 பங்கு என நான்கு படங்கள். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் 500 மடங்கு வேறுபாடு. வெயிலில் உள்ள குதிரை முதல் படத்தில் வழியாமல் பதியும். இருண்ட தூண் கடைசிப் படத்தில் இரைச்சலின்றிப் பதியும். ஒவ்வொரு பிக்சலின் அளவையும் அதன் ஒளியேற்பு நேரத்தால் வகுத்தால், எல்லாப் படங்களும் ஒரே கல்லின் ஒரே ஒளியைப் பற்றியே பேசுகின்றன. வழிந்ததையும் இரைச்சலில் மூழ்கியதையும் ஒதுக்கிவிட்டு, நம்பத்தக்க அளவுகளுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்துச் சராசரி கண்டால் முழுக் காட்சியின் ஒளியளவு கிடைக்கும்.

இந்த எண்ணம் பழையது. 1850-களில் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, வானத்துக்கு ஒரு நெகட்டிவும் கடலுக்கு ஒரு நெகட்டிவும் எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். எண்ணியல் காலத்தில் ஸ்டீவ் மானும் ரோசலிண்ட் பிக்கார்டும் 1995-இல் இதற்குக் கணித வடிவம் தந்தனர். 1997-இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடித்தளம் ஆயிற்று. கேமரா ஒளியை அப்படியே எண்ணாக மாற்றுவதில்லை. கண்ணுக்கு இதமாக இருக்க அதை ஒரு வளைகோட்டின்படி திரிக்கிறது. அந்த வளைகோடு எது என்று தயாரிப்பாளர் சொல்லாவிட்டாலும், எடுத்த படங்களைக் கொண்டே அதைக் கண்டுபிடிக்கலாம் என்று இவர்கள் காட்டினர். மாலிக் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்றவர்.

இவ்வாறு கிடைத்த ஒளியளவை அப்படியே திரையில் காட்ட இயலாது. திரையின் வீச்சு குறைவு. ஆகவே அதைச் சுருக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான எச்.டி.ஆர். படங்கள் கெடுவது இந்தப் படியில்தான். நிழலையெல்லாம் தூக்கி நிறுத்தி, வெளிச்சத்தையெல்லாம் அமுக்கிவிட்டால், தூணைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும். கல் பிளாஸ்டிக் போலாகும். புடைப்புச் சிற்பத்துக்கு இதைவிடப் பெரிய கேடும் உண்டு. ஒரு விரற்கடை ஆழமே உள்ள உருவத்தில், மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்வதே நிழல்தான். அந்நிழலை வெளுத்துவிட்டால் சிற்பம் தட்டையாகிவிடும். மண்டபத்தின் உட்புறத்தைக் காட்ட ஒளிவீச்சுக் கூட்டல் இன்றியமையாதது. அடித்தளச் சிற்பங்களுக்கு அது அளவோடு இருக்க வேண்டும்.

சிற்பத்துக்கு நல்ல நிழல் எப்போது கிடைக்கும் என்பதும் அறியத்தக்கது. தாராசுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உள்ளது. அதனால் ஆண்டின் பெரும்பகுதி நண்பகல் சூரியன் தென்புறமே நிற்கும். சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை மட்டும் அது வடக்கே சாய்கிறது. வடபுறச் சுவருக்கு நண்பகல் வெயில் படக்கூடிய காலம் அதுதான். அப்போதும் ஒளி ஏறக்குறைய தலைக்கு மேலிருந்து சரிந்து விழும். அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாத கீறலையும் எடுத்துக்காட்டும். இதே கருத்தை முறைப்படுத்தியதுதான், கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் இடம் மாற்றிப் பல படங்கள் எடுத்து இணைக்கும் முறை. இதன் அடிப்படையை டாம் மால்சுபெண்டரும் அவருடைய குழுவினரும் 2001-இல் வெளியிட்டனர். ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தால் கல் எப்படித் தெரியும் என்பதைப் பின்னர் திரையிலேயே மாற்றிப் பார்க்கலாம். தேய்ந்த கல்வெட்டுக்கு இது மிகவும் ஏற்றது.

பிரிதிறனைக் கூட்டுதல்: தஞ்சையில் 1858

பிரிதிறனைக் கூட்டும் எளிய வழி, காட்சியைத் துண்டு துண்டாக அருகிலிருந்து எடுத்து ஒட்டுவது. இதற்கான மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்று தாராசுரத்துக்கு அருகிலேயே நடந்தது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் சோழர் கல்வெட்டை ஒரே படத்தில் அடக்கினால் எழுத்து தெரியாது என்பதால், கேமராவைச் சுவரோரமாக நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்தார். அவற்றுள் 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படச்சுருளாக்கினார். அன்றைய காகித நெகட்டிவில், தஞ்சை வெயிலில், ஒரே அளவான தூரமும் ஒளியும் விடாமல் அதைச் செய்தது சாதாரணமான வேலை அன்று. தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற அரசு வெளியீட்டுத் தொகுதிகள் வருவதற்கு முந்தைய முயற்சி இது.

தாராசுரத்தின் நாயன்மார் வரிசைக்கும் இதுவே பொருந்தும் முறை. கேமராவை ஓரிடத்தில் வைத்துத் திருப்பாமல், சுவருக்கு இணையாக நகர்த்திச் செல்ல வேண்டும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொதுவாக இருந்தால், கணினி ஒத்த புள்ளிகளைத் தேடி இணைத்துவிடும். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இடைவழியில் 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களுக்கும் வேறு வழியில்லை. இடைவழி குறுகலானது, பின்னே நகர்ந்து முழு ஓவியத்தையும் ஒரே படத்தில் எடுக்க இடம் கிடையாது. பகுதி பகுதியாக எடுத்துச் சேர்த்தால்தான் முழுமை தெரியும்.

ஊடுபுள்ளி

துண்டுகளை ஒட்டாமல், ஒரே காட்சியை ஒரே இடத்திலிருந்து பலமுறை எடுத்தும் பிரிதிறனைக் கூட்டலாம். இது முதலில் நம்ப முடியாததாகத் தோன்றும். கோலம் போடுபவர்களுக்கு எளிதில் புரியும். நேர்ப்புள்ளி வைத்த பிறகு, நான்கு புள்ளிகளுக்கு நடுவே உள்ள சந்தில் ஊடுபுள்ளி வைத்தால் புள்ளிகளின் இடைவெளி குறைகிறது. அதே பரப்பில் நெருக்கமான கோலம் போட முடிகிறது. கேமராவின் பிக்சல்களும் நேர்ப்புள்ளிகளே. இரண்டாவது படத்தை எடுக்கும்போது கேமரா அரைப் பிக்சல் அளவு நகர்ந்திருந்தால், அதன் புள்ளிகள் முதல் படத்தின் சந்துகளில் விழும். இரு படங்களும் ஒரே கல்லின் வெவ்வேறு இடங்களை அளந்திருக்கின்றன. அவற்றைச் சரியான இடத்தில் அடுக்கினால் நுணுக்கம் கூடும்.

ஆர். ஒய். சாய், டி. எஸ். ஹுவாங் ஆகியோர் 1984-இல் செயற்கைக்கோள் படங்களுக்காக இதை முன்வைத்தனர். 2002-இல் ஏவப்பட்ட பிரெஞ்சு செயற்கைக்கோள் ஸ்பாட்-5, அரைப் பிக்சல் விலகிய இரண்டு 5 மீட்டர் படங்களிலிருந்து 2.5 மீட்டர் படத்தை உருவாக்கியது. 1995 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கி வானத்தின் ஒரு சிறு பகுதியைப் பத்து நாட்கள் நோக்கி எடுத்த 342 படங்களும் இவ்வாறே சிறு சிறு விலகல்களுடன் எடுத்து இணைக்கப்பட்டவை. 2015-இல் வந்த ஒலிம்பஸ் கேமரா ஒன்று, உணரியை அரைப் பிக்சல் அளவில் தானே நகர்த்தி, எட்டுப் படங்களிலிருந்து 40 மெகாபிக்சல் படம் தந்தது. அதன் உணரியில் இருந்தவை 16 மெகாபிக்சல் மட்டுமே.

இவ்வகைக் கேமராக்களுக்கு அசையாத முக்காலி வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் முன் அனுமதியின்றி முக்காலி வைக்க முடியாது. கையில் பிடித்து எடுக்கும் பார்வையாளருக்கு உதவுவது, வியப்பாக, கையின் நடுக்கமே. 2019-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையில், கை இயல்பாக நடுங்குவதால் ஏற்படும் சிறு விலகல்களே ஊடுபுள்ளிகள் ஆகின்றன. கைப்பேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு விலகியது என்று கணித்து அடுக்குகிறது. அதே படங்களின் சராசரியால் இரைச்சலும் குறைகிறது. 16 படங்களைச் சேர்த்தால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும். நூறு படங்களைச் சேர்த்தால் பத்தில் ஒன்று. படங்களின் எண்ணிக்கை கூடும் வேகத்தில் இரைச்சல் குறைவதில்லை; அதன் வர்க்கமூலத்தின் அளவே குறைகிறது. அதனால் ஓர் அளவுக்கு மேல் படங்களை அடுக்குவது வீண்.

லென்ஸ் மங்கலானதாக இருந்தால் ஊடுபுள்ளி முறையும் பயன் தராது. உணரிக்கு வந்து சேரும் முன்பே விவரம் அழிந்துவிட்டால், எத்தனை முறை அளந்தாலும் அதே மங்கலைத்தான் அளக்க முடியும்.

அசையும் பொருள்கள்

கல் அசையாது, கோயிலில் மற்ற எல்லாம் அசையும். படங்களுக்கு இடையே ஒரு புறா பறந்தாலோ, வழிபட வந்தவர் ஒருவர் மண்டபத்தைக் கடந்தாலோ, இணைத்த படத்தில் அவர் பாதி தெளிந்த நிழலுருவமாக, சில சமயம் இரண்டு மூன்று முறை தோன்றுவார். இதைத் தவிர்க்க, படங்களுக்கிடையே ஒத்துப்போகாத பகுதிகளைக் கண்டறிந்து, அங்கு மட்டும் ஒரே படத்தின் விவரத்தைப் பயன்படுத்தும் வழிகள் உருவாக்கப்பட்டுள்ளன. மும்பை ஐ.ஐ.டி.யில் சண்முகநாதன் ராமன், சுபாசிஸ் சவுத்ரி ஆகியோர் வெவ்வேறு ஒளியேற்புப் படங்களை இணைப்பது பற்றிச் செய்த ஆய்வுகள் இத்துறையில் இந்தியப் பங்களிப்புகள். சவுத்ரி தொகுத்த, பிரிதிறன் மேம்பாடு பற்றிய ஆங்கில நூல் 2001-இல் வெளிவந்தது.

திரட்டுதலும் புனைதலும்

இதுவரை கூறிய முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று, அவை விவரத்தைத் திரட்டுகின்றன என்பது. இறுதிப் படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் கல்லிலிருந்து வந்த ஒளியே சான்று. செயற்கை நுண்ணறிவால் ஒற்றைப் படத்தைப் பெரிதாக்கும் செயலிகள் இதற்கு மாறானவை. அவை தாம் முன்பு கண்ட லட்சக்கணக்கான படங்களைக் கொண்டு, இங்கே இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகின்றன. சைமன் பேக்கர், டகேயோ கனாடே ஆகியோர் 2000-இல் முகங்களைப் பெரிதாக்கும் இத்தகைய முறை ஒன்றை முன்வைத்தபோது, அதற்கு ‘மாயத்தோற்றம் காணுதல்’ என்ற பொருளுடைய சொல்லையே பெயராக இட்டனர். அந்த நேர்மை இன்றைய விளம்பரங்களில் இல்லை.

திருமணப் படத்தில் ஊகம் பெரிய தீங்கு செய்யாது. தாராசுரத்தில் செய்யும். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். கல்வெட்டு அறிஞர்கள் சொல்லின் சூழலைக் கொண்டே அவற்றைப் படிக்கிறார்கள். அதனுடன் கல்லின் தேய்மானமும் சேரும்போது, ஒரே ஒரு கோடு இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு பெயரே மாறிவிடும். இன்றைய அச்செழுத்தைப் பார்த்துப் பழகிய செயலி, தேய்ந்த இடத்தில் தெளிவான, அழகான, தவறான ஓர் எழுத்தை வரைந்து கொடுத்தால், படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அதை மறுக்க வழியில்லை. மங்கலான எழுத்தாவது தன்னை மங்கல் என்று ஒப்புக்கொள்கிறது.

தேய்ந்த முகங்களுக்கும் இது பொருந்தும். மூக்கு உடைந்த நாயன்மாருக்குச் செயலி மூக்கு வைத்துவிடும். அவ்வாறு வரைவதே குற்றமன்று. தஞ்சைச் சோழர் ஓவியங்களின் சிதைந்த பகுதிகளை ஆராய்ந்து, பி. எஸ். ஸ்ரீராமன் எழுதி இந்தியத் தொல்லியல் துறை 2011-இல் வெளியிட்ட நூல், மீட்டுருவாக்கத்தின் அடிப்படையிலானது என்பதைத் தலைப்பிலேயே சொல்கிறது. பார்ப்பவருக்கு எது பதிவு, எது ஊகம் என்று தெரிகிறது.

டிரைப்பின் படங்களிலும் இச்சிக்கல் உண்டு. அன்றைய நெகட்டிவ் நீல ஒளிக்கு மிகை உணர்வுடையது. வானம் வெறும் வெள்ளையாகிவிடும். ஆகவே தம் நெகட்டிவுகள் பலவற்றில் மேகங்களையும் இலைகளின் ஒளியையும் தூரிகையால் தீட்டினார். கோபுரக் காட்சிகளில் தெரியும் மேகம் அன்றைய வானத்தில் இருந்தது என்று கொள்ள முடியாது.

பதிவும் பாதுகாப்பும்

தாராசுரம் கோயிலைப் பற்றிய விரிவான ஆய்வு, பிரான்சுவாஸ் லெர்னோ மற்றும் பிறரால் எழுதப்பட்டு, தூரகிழக்கு பிரெஞ்சு ஆய்வுப்பள்ளி வெளியீடாக 1987-இல் வந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஒளிப்படக் காப்பகத்தில் 1956 முதல் எடுக்கப்பட்ட, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியக் கோயில் படங்கள் உள்ளன. கறுப்பு வெள்ளையில் ஒற்றைப் படங்களாக எடுக்கப்பட்ட இத்தகைய பதிவுகளுக்கு ஒரு நன்மை உண்டு: நெகட்டிவ் கையில் இருக்கிறது, சந்தேகம் வந்தால் அதை எடுத்துப் பார்க்கலாம்.

இணைத்த எண்ணியல் படத்துக்கு நெகட்டிவாக இருப்பவை, இணைப்பதற்கு முன் எடுத்த தனிப்படங்கள். பலர் இணைத்தபின் அவற்றை இடம் அடைக்கின்றன என்று அழித்துவிடுகிறார்கள். கைப்பேசி பெரும்பாலும் கேட்காமலே அழித்துவிடுகிறது. கல்வெட்டையோ சிற்பத்தையோ ஆய்வுக்காக எடுப்பவர், கேமரா உணரியின் அளவுகளை மாற்றாமல் சேமிக்கும் ரா வடிவத்தில் தனிப்படங்களை வைத்திருப்பது, ஒவ்வொன்றின் ஒளியேற்பு நேரத்தையும் எடுத்த நாளையும் குறிப்பது, சுவரோரம் ஓர் அளவுகோலை வைத்து எடுப்பது ஆகியவை வழக்கமான நடைமுறைகள். இணைக்கும் கணிமங்கள் ஆண்டுதோறும் மேம்படுகின்றன. இன்று எடுத்த அதே படங்களைப் பத்து ஆண்டுகள் கழித்து மேலும் நன்றாக இணைக்க முடியும்; தனிப்படங்கள் இருந்தால். காகிதத்தை ஈரப்படுத்திக் கல்லின் மீது ஒற்றி மைதடவி எடுக்கும் மைப்படிகள் இன்றும் கல்வெட்டுத் துறையில் எடுக்கப்படுகின்றன. ஒளியைச் சாராத அந்தப் பதிவையும், ஒளியைத் திரட்டிய இந்தப் பதிவையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, தேய்ந்த கோடு கல்லில் உள்ளதா, கண்ணில் உள்ளதா என்பது பல இடங்களில் தெளிவாகிறது.